சாம்பிராணி போட்ட மிசின்

உலகத்திலேயே பெரிய கம்பெனி எது என்று பத்து வயதில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், என் மாமா வேலை செய்கிற கம்பெனி என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். அப்பா போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். அவர் கம்பெனிக்குக் கப்பலே வரும். இருந்தாலும் அதன் மேல் எனக்கு மரியாதை இல்லை. டயர் வெடித்தால் அந்தக் கம்பெனி அப்பாவைத்தான் திட்டும். மாமாவின் கம்பெனி அப்படியில்லை. தான் விற்ற மிசினுக்குப் பத்து வருஷம் தானே பொறுப்பு என்று அச்சடித்துக் கொடுத்திருந்தது. பத்து வருஷம் என்றால் சும்மாவா? எனக்கு அப்போது வயதே பத்து. நான் பிறந்த அன்று ஒருவர் அந்த மிசினை வாங்கியிருந்தால், நான் தவழ்ந்து, நடந்து, தமிழ்ப்பள்ளியில் சேர்ந்து, நான்காம் ஆண்டுக்கு வந்து நிற்கும்வரை அதற்கு ஒரு கேடும் வராமல் கம்பெனி பார்த்துக்கொண்டிருக்கும். என்னையே யாரும் அப்படிப் பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்ததில்லை.

மாமா அம்மாவின் தம்பி. கிள்ளானில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் தங்கியிருந்தார். தரையிலும் மெத்தையிலும் இருக்கும் தூசியை உறிஞ்சி இழுக்கிற வேக்குவம் மிசினை வீடு வீடாகப் போய் விற்பது அவர் வேலை. காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, டை கட்டி, வெயிலுக்கும் புகைக்குமாக ஜாக்கெட்டை முன்பக்கம் திருப்பி மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். மிசின் பெட்டி அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். பள்ளி விடுமுறையிலும் சனி ஞாயிறிலும் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன்.

நான் சும்மா ஊர் சுற்றப் போகவில்லை. எனக்கு அங்கே வேலை இருந்தது. நான் கொஞ்சம் குண்டு. பள்ளியில் என் பெயரை மறந்துவிட்டு எல்லாரும் 'தோங்' என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் பிடித்து வைக்கிற பெரிய பீப்பாயை மலாயில் அப்படித்தான் சொல்வோம். பள்ளியில் கேலியாக இருந்தது மாமாவிடம் தகுதியாக இருந்தது.

வாங்க யோசிக்கிறவர்களின் கூடத்தில் மாமா மிசினை நடுவில் வைப்பார். பாயில் கோப்பித்தூளைக் கொட்டுவார். அதன் மேல் அரிசி. அதன் மேல் நாலைந்து கோலிக்குண்டு. வீட்டுக்காரர் ஐயோ என்று எழுந்திருப்பதற்குள் குழாயை நீட்டுவார். கோலிகள் கடகடவென்று குழாய்க்குள் உருண்டு ஓட, பாய் பழையபடி சுத்தமாகிவிடும். அடுத்தது மெத்தை. குழாயின் கழுத்தில் ஒரு கறுப்புத் துணியை மாட்டி, மெத்தை மேல் ஓர் இழுப்பு இழுத்து, துணியைப் பிரித்துக் காட்டுவார். மாவு சலித்ததுபோல் வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கும். "இதுல தான் ஆன்டி தெனமும் படுத்துத் தூங்குறீங்க," என்று துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொல்வார். எத்தனை வீட்டில் பார்த்தாலும் அந்த வெள்ளை வட்டம் எனக்கு முதுகைச் சிலிர்க்க வைக்கும்.

கடைசியில்தான் என் முறை வரும்.

"பிளாஸ்டிக்குதானே, ஒடைஞ்சிரும்னு யோசிக்கிறீங்களா? டேய், ஏறுடா."

நான் வெறுங்காலோடு மிசின் முதுகில் ஏறிக் கைகளை விரித்து நிற்பேன். கிரீச் என்று ஒரு சத்தம் வராது. மூடியின் கொக்கி நெளியாது. சக்கரங்கள் நகராது. கருநீலத்தில் பளபளத்த அந்த உடம்பு, என்னைப் போலவே குட்டையாக, உருண்டையாக, அசையாமல் நிற்கும். மாமா என்னைச் சுற்றி நடந்துகொண்டே சொல்வார்: "பத்து வருஷம் கேரண்டி, ஆன்டி. கம்பெனி பாத்துக்கும். கம்பெனி பாக்கலன்னா நான் பாத்துக்கறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கோயில் விழாவில் பேசுகிறவர்கள் முடிக்கும்போது நன்றி வணக்கம் என்பார்களே, அந்த மாதிரி ஒன்று என்று நினைத்திருந்தேன்.

இன்று நான் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவனுக்கு, பொருள்களை உயரத்திலிருந்து கீழே போட்டு உடைகிறதா என்று பார்க்கிற உத்தியோகம். எத்தனையோ போட்டு உடைத்திருக்கிறேன். ஆனால் மூடியை அழுத்தியதும் கார் கதவைச் சாத்துவதுபோல 'டப்' என்று கனமாகப் பதிந்துகொள்ளும் அந்த மிசினைப் போல ஒன்றை இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. மாமா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வெறுங்கையோடு கம்பெனிக்குத் திரும்பிவிடக் கூடாது என்று அம்மாதான் முதல் மிசினை வாங்கினார். சிமெண்டுத் தரையும் அதன் மேல் ரப்பர் பாயும் உள்ள வீட்டில் இது எதற்கு என்று அப்பா கேட்டார். கொஞ்ச நாளிலேயே அந்த மிசின் அம்மாவுக்கு எதற்கு என்பது எனக்கே தெரிந்துவிட்டது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸில் வந்து இறங்கும்போதே அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டுதான் இறங்குவார். அதற்குப் பிறகு குனிந்து வீட்டைக் கூட்ட வேண்டும். மிசின் வந்த பிறகு குனிகிற வேலை நின்றது.

"நிமிந்து நின்னுக்கிட்டே வீடு கூட்டுறது ராணி மாதிரி இருக்குடா," என்றார் ஒரு நாள். நான் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ராணியின் பின்னாலேயே நடப்பேன்.

அடுத்த தெருவில் பச்சைக் கேட் போட்ட வீட்டில் ஓர் ஆன்டி இருந்தார். அவர் கணவர் கோயில் கமிட்டியில் இருந்தார். கணவர் கமிட்டியில் பேசுவதைவிட ஆன்டி கேட் பக்கத்தில் நின்று பேசுவதற்குத்தான் அந்தத் தாமான் குடியிருப்பில் மதிப்பு அதிகம். எந்த டாக்டரிடம் போகலாம், எந்தக் கடை முறுக்கில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். ஆன்டி ஒரு மிசின் வாங்கினார். அதைப் பார்த்து அந்த வரிசையில் பாதி வீடு வாங்கியது. அவர் வாங்கிய அன்றைக்கு நான் மிசின் மேல் நின்றுகொண்டிருந்தபோது ஆன்டி மாமாவிடம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"எல்லாத் தூசியும் இழுக்குமா, தம்பி?"

"எது வேணும்னாலும் இழுக்கும், ஆன்டி. நீங்க குழாயை மட்டும் காட்டுங்க லா."

ஆன்டி குழாயைக் காட்டினார். காட்டிய இடம்தான் கொஞ்சம் விவகாரமானது.

ஆன்டி வெள்ளிக்கிழமை தவறாமல் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுகிறவர். கரியை நன்றாகக் கனிய வைத்து, தூபக்காலில் போட்டு, மேலே பொடியைத் தூவி, அறை அறையாகக் காட்டிக்கொண்டு போவார். போகிற வழியெல்லாம் சாம்பல் உதிரும். முன்பெல்லாம் ஈரத் துணியால் துடைப்பார். எது வேண்டுமானாலும் இழுக்கிற மிசின் வீட்டில் இருக்கும்போது எதற்குத் துடைக்க வேண்டும்? ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, சாமி மேடைக்குக் கீழே உதிர்ந்திருந்த சாம்பலை மிசினால் இழுத்தார். சாம்பலுக்குள் கடலை அளவு கங்கு ஒன்று உயிரோடு இருந்திருக்கிறது.

உள்ளே போன கங்குக்கு மிசினே காற்று ஊதிக் கொடுத்தது. முதலில் மிசினின் பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. நல்ல வாசமான புகை, சாமி மேடையைப் பார்த்தபடி, நிதானமாக. மிசினே சாமிக்குச் சாம்பிராணி போடுகிறது என்று நினைத்து ஒரு நொடி கையெடுத்துக் கும்பிட்டதாக ஆன்டியே பிறகு சொன்னார். அடுத்த நொடி ரப்பர் தீய்ந்த நாற்றம், படீர் என்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி. மிசின் நின்றுவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. மாமாவும் நானும் போனபோது மிசின் கேட்டுக்கு வெளியே கிடந்தது. பக்கத்து வீட்டு வேலிகளின் மேல் முகங்கள் தெரிந்தன. அத்தனையும் மாமாவிடம் மிசின் வாங்கிய முகங்கள். சிலர் கையில் கழுவிய பாத்திரம் இருந்தது. ஆனால் யாரும் துடைத்துக்கொண்டிருக்கவில்லை. ஆன்டியின் மிசினுக்கு என்ன ஆகிறதோ அதுதான் நாளை தங்கள் மிசினுக்கும் என்று காத்திருந்தார்கள். மாமாவின் கழுத்தில் டை நேராகத்தான் இருந்தது. காது மட்டும் சிவந்திருந்தது.

"பத்து வருஷமா? பத்து மாசம்கூட ஆவல," என்றார் ஆன்டி. "எது வேணும்னாலும் இழுக்கும்னு சொன்னே. நான் என்ன கல்லையா இழுத்தேன்? சாமி சாம்பல்!"

"ஒரு நிமிசம் ஆன்டி, பாக்கறேன்."

மாமா குந்தி உட்கார்ந்து மூடியைத் திறந்தார். அந்த நிலையிலும் மூடி 'டப்' என்று கம்பீரமாகத் திறந்தது. உள்ளே தூசிப் பை கரிந்து சிலந்திவலை மாதிரி தொங்கியது. மோட்டார் இருந்த பக்கம் முழுக்கக் கறுப்பு. நான் எட்டிப் பார்த்தேன். வெளி உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஒரு நெளிவு இல்லை. உள்ளே இவ்வளவு எரிந்தும் வெளியே தெரியவில்லையே என்று அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

மாமாவைக் காப்பாற்ற எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. மிசினோடு வரும் கையேட்டை எங்கள் வீட்டில் படித்த ஒரே ஆள் நான்தான். மற்றப் பிள்ளைகள் கதைப் புத்தகம் படிக்கும் ஆசையோடு அதை அட்டையிலிருந்து அட்டை வரை படித்திருந்தேன். ஆன்டியின் கையேடு பெட்டிக்குள்ளேயே பிரிக்கப்படாமல் இருந்தது. நான் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் பக்கத்தைப் புரட்டி, வேலியோரத்து முகங்களுக்கெல்லாம் கேட்கும்படி மலாயில் படித்தேன். பிறகு பள்ளித் தமிழில் மொழிபெயர்த்தும் சொன்னேன்: "சூடான சாம்பலையோ எரியும் பொருளையோ உறிஞ்சக் கூடாது. மீறினால் உத்தரவாதம் செல்லாது."

மாமா என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன்.

ஆன்டி என்னைப் பார்க்கவே இல்லை. மாமாவைத்தான் பார்த்தார். "நான் புக்கையா வாங்கினேன்? உன் வாயைத்தானே வாங்கினேன்."

மாமா என் கையிலிருந்து கையேட்டை மெதுவாக எடுத்து மூடினார். "அத உள்ள வைடா," என்றார். பிறகு எழுந்து நின்று, "ஒரு வாரம் டைம் குடுங்க, ஆன்டி. கம்பெனி பாத்துக்கும்," என்றார்.

எனக்குப் புரியவில்லை. புத்தகம் எங்கள் பக்கம் இருந்தது. அச்சில் இருந்தது. எங்கள் வீட்டில் அச்சில் இருப்பதை எதிர்த்து யாரும் பேசியதில்லை. மின்சார பில்லையே அப்பா இரண்டு கையாலும்தான் வாங்குவார். மாமா ஏன் அதை மூடினார்? யோசித்து யோசித்து எனக்குக் கிடைத்த ஒரே பதில், கம்பெனி தன் புத்தகத்தைவிடவும் பெரியது என்பதுதான். புத்தகத்தில் இல்லை என்று போட்டிருந்தாலும் நேரில் போய்க் கேட்டால் கொடுத்துவிடும் அளவுக்குப் பெரிய மனசு.

திங்கள் பள்ளி விடுமுறை. மாமா என்னையும் கூட்டிக்கொண்டு மிசினோடு கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூருக்குப் புறப்பட்டார். பெட்டியைச் சுற்றி இரண்டு துணி கட்டியிருந்தும் ரயில் பெட்டி முழுக்கச் சாம்பிராணி வாசம். எதிரில் இருந்த ஓர் அம்மா கொஞ்ச நேரம் மோப்பம் பிடித்துவிட்டு, "எந்தக் கோயில்லேருந்து வரீங்க, தம்பி?" என்று கேட்டார். மாமா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "கிள்ளான், ஆன்டி," என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை ஒன்றுக்கு மேலே முதல் மாடியில் இருந்தது கம்பெனியின் சர்வீஸ் சென்டர். கதவைத் திறந்ததும் ஏர்கான் குளிர் முகத்தில் அடித்தது. சுவரெல்லாம் அலமாரி, அலமாரியெல்லாம் மிசின்கள். காதில் சீட்டு மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அங்கே சத்தமாகப் பேசக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத இடம் அது.

மாமா கவுண்டருக்குப் போனார். நான் மூலையில் இருந்த கண்ணாடிப் பெட்டியிடம் போனேன். அல்லது அது என்னை இழுத்துக்கொண்டது. உள்ளே எங்கள் மிசின் ஒன்றைத் தலையிலிருந்து சக்கரம்வரை பலாப்பழத்தைப் பிளப்பதுபோல் இரண்டாகப் பிளந்து நிறுத்தியிருந்தார்கள். நான் இவ்வளவு நாள் ஏறி நின்ற முதுகின் உட்பக்கம். சுவர் என் சுண்டுவிரல் பருமனுக்கு இருந்தது. குறுக்கும் நெடுக்குமாக எலும்பு மாதிரி தடுப்புகள் ஓடின. ஓ, இவைதான் என்னைத் தாங்கியவை! நடுவில் மோட்டார். செம்புக் கம்பியை யாரோ பொறுமையாகக் கொண்டைபோட்டு முடிந்த மாதிரி, விளக்கு வெளிச்சத்தில் தங்கமாக மின்னியது. பக்கத்தில் அதேபோல் இன்னொரு மோட்டாரைத் தனியாக, தூக்கிப் பார்க்க வெளியே வைத்திருந்தார்கள். இரண்டு கையாலும் தூக்கினேன். நான் நினைத்ததைவிட அதிகக் கனம். மிசினின் கனமெல்லாம் இதில்தான் இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டேன். கோயில் கருவறையை ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி இருந்தது எனக்கு.

கவுண்டரில் என்ன பேசினார்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். சூடான சாம்பலுக்குக் கேரண்டி கிடையாது என்றிருக்கிறார்கள். காசு கொடுத்து மாற்றிக்கொள்கிறேன் என்று மாமா கேட்டதற்கு, அந்த மாடல் நின்றுபோய்விட்டது, மோட்டார் இனிமேல் வராது என்றிருக்கிறார்கள். நான் கண்ணாடிப் பெட்டியை விட்டுத் திரும்பிப் பார்த்தபோது தெரிந்தது இவ்வளவுதான்: கவுண்டரில் இருந்த சீனப் பெண் மாமாவைப் பார்த்து, "சாரி லா, பாஸ்," என்று புன்னகை செய்தார். தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கிறார், எவ்வளவு பணிவான கம்பெனி, என்று நினைத்துக்கொண்டேன்.

படி இறங்கும்போது கேட்டேன். "என்ன சொன்னாங்க, மாமா?"

"சரியாயிடும்டா."

"ஃப்ரீயாவா?"

"ஃப்ரீதான்."

கீழே எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார். தனக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ மட்டும் வாங்கி, அது ஆறி ஆடை கட்டும்வரை பூக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய கம்பெனிக்கு வேலை செய்கிறவர்களுக்கு யோசிக்க நிறைய இருக்கும் என்று நான் தொந்தரவு செய்யவில்லை.

அன்று மாலை அம்மாவும் மாமாவும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பேசியதால் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்த அம்மா நேராக எங்கள் மிசினிடம் போய், வெளியூர் படிக்கப் போகிற பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல அதன் மூடியைத் தடவினார்.

"என்னம்மா?"

"நம்ம மிசினையும் கம்பெனி கூப்பிட்டிருக்கு. சர்வீசுக்கு."

"அதுதான் நல்லா ஓடுதே?"

"நல்லா ஓடுறதையும் ஒரு தடவ பாப்பாங்களாம்."

நோய் வந்த மிசினை மட்டுமல்ல, நன்றாக இருக்கிற மிசினையும் கூப்பிட்டு நலம் விசாரிக்கிற கம்பெனி! மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். தோங் அளக்கிறான் என்றார்கள். அவர்கள் வீட்டில் மிசின் இல்லை, என்ன செய்வது, என்று மன்னித்துவிட்டேன்.

அந்த வாரம் முடிவதற்குள் ஆன்டியின் மிசின் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. புதுப் பை, புது மோட்டார். இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி ஆன்டி அதை ஓடவிட்டுக் காட்டினாராம். வேலியோரத்து முகங்களெல்லாம் மாமாவைப் பார்த்துப் பழையபடி சிரித்தன. எங்கள் மிசினும் திரும்பி வந்தது. பள்ளியிலிருந்து வந்ததும் ஓடிப்போய், வழக்கமாகத் தூக்குவதுபோல் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். தூக்கிய வேகத்தில் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தேன். அது காலிப் பெட்டிபோல் மேலே வந்துவிட்டது.

"அம்மா! லேசா இருக்கு!"

அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றுவது திடீரென்று கடினமான வேலையாகிவிட்டதுபோல் முடிச்சையே பார்த்துக்கொண்டு, "ஆமாடா," என்றார். "புது டெக்னாலஜி."

நான் நம்பினேன். கண்ணாடிப் பெட்டியில் மோட்டாரைப் பார்த்தவன் நான். அதைக் கையில் தூக்கி, மிசினின் கனம் எதில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டவன் நான். அப்படியும் நம்பினேன். கேரண்டியில் கனத்தைக்கூடக் குறைத்துக் கொடுப்பார்கள் என்பது, மெத்தைக்குள்ளிருந்து வெள்ளை வட்டம் எடுக்கிற கம்பெனிக்கு ஒரு பெரிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

ஓடவிட்டுப் பார்க்கலாம் என்றேன். சர்வீசுக்குப் போய் வந்தது கொஞ்ச நாள் ஓய்வில் இருக்க வேண்டும் என்றார் அம்மா. பெரியம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள் என்பதால் எனக்குச் சரியாகவே பட்டது. மிசின் சாமி மேடைக்குப் பக்கத்தில், பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தது. அம்மா வேலைவிட்டு வந்து, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, துடைப்பத்தை எடுத்துக் குனிந்து கூட்டினார். பக்கத்திலேயே மிசினை வைத்துக்கொண்டு இந்த அம்மா ஏன் இப்படிக் கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நல்ல சேலையைப் பெட்டியிலேயே வைத்திருந்து பழசைக் கட்டுகிற ஆள்தானே என்று விட்டுவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. அப்பாவுக்குப் போர்ட் கிள்ளானில் லோரிகளுக்கே பூஜை, அங்கே போய்விட்டார். வீட்டில் மாமா மோட்டார் சைக்கிளைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அம்மா கூடத்தில் வாழையிலை விரித்து, என் பாடப்புத்தகங்களை அடுக்கி, நடுவில் மிசினை நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைத்தார். பிறகு பின்பக்கம் போய்த் துடைப்பத்தைக் கொண்டுவந்தார். கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட, மிசின் பக்கத்தில் சாத்தி வைத்து அதன் கட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தார்.

"துடப்பத்துக்குப் போயி பொட்டா?" என்று சிரித்தேன்.

"வேல செய்யிற எல்லாத்துக்கும்தான்டா வைக்கணும்," என்றார் அம்மா. மாமா எழுந்து வாசலுக்குப் போய், நேராக இருந்த எலுமிச்சம்பழத்தை மறுபடியும் நேராக்கினார்.

அப்போதுதான் பச்சைக் கேட் ஆன்டி ஒரு கிண்ணத்தில் சுண்டலோடு வந்தார். கேட்டிலிருந்தே குரல் வந்தது. "அக்கா! மிசின் என்னா ஓட்டம் ஓடுது தெரியுமா! ஆனா கனம்தான் கனம், என்னால தூக்க முடியல. இந்த வயசுல இடுப்பு போச்சு லா."

நான் காத்திருந்த சந்தர்ப்பம். பூஜை நாளில் மிசின் மேல் ஏறி நிற்க முடியாது, பொட்டு வைத்ததைக் காலால் தொடக் கூடாது. அதனால் அதைவிடப் பெரியதைச் செய்தேன். "இங்க பாருங்க, ஆன்டி," என்று மிசினின் கைப்பிடியைப் பிடித்து ஒரே கையால் தலைக்கு மேல் தூக்கினேன். "எங்களுதையும் கம்பெனி கூப்பிட்டு சர்வீஸ் பண்ணுச்சு. கனத்தையே எடுத்துட்டாங்க!"

ஆன்டி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மிசினை என் கையிலிருந்து வாங்கினார். தன் வீட்டு மிசினைத் தூக்கிப் பழகிய கை. அதை ஒருமுறை மேலே தூக்கினார், கொஞ்சம் கீழே இறக்கினார், பிறகு தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் இலையில் வைத்தார். பக்கத்தில் ஈரத்தோடு சாய்ந்திருந்த துடைப்பத்தைப் பார்த்தார். அம்மாவின் கை அப்போதும் இடுப்பில்தான் இருந்தது. அதையும் பார்த்தார்.

இரண்டு தெருவுக்குக் கேட்கிற அந்தக் குரல் அன்று வாசல்வரைதான் எட்டியது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா, தம்பி?"

மாமா எலுமிச்சம்பழத்தைவிட்டு நிமிரவில்லை. "அன்னைக்கே என் வாயால சொன்னதுதானே, ஆன்டி," என்றார்.

கனம் குறைக்கிற விஷயம் தனக்கு முன்பே தெரிந்திருந்தால் தன்னுடையதையும் கொடுத்திருக்கலாமே என்று ஆன்டி வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியது கம்பெனியோடு நெருங்கிய தொடர்புள்ள என் கடமை என்று பட்டது.

"கவலப்படாதீங்க, ஆன்டி. உங்களுதையும் குடுங்க, இதே மாதிரி ஆக்கிக் குடுத்துருவாங்க."

அம்மாதான் முதலில் சிரித்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, நிறுத்த முடியாமல், சுவரில் சாய்ந்து சிரித்தார். பிறகு ஆன்டியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து, சிமிழிலிருந்து குங்குமம் எடுத்து, ஏற்கெனவே பொட்டு வைத்திருந்த மிசினுக்கு இன்னொரு பொட்டு வைத்தார்.

அவர்களுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மாமாவும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நின்றார். ஆகவே நானே கைகளை விரித்து நின்று, மாமாவின் குரலிலேயே ஆரம்பித்தேன்.

"பத்து வருஷம் கேரண்டி, ஆன்டி. கம்பெனி பாத்துக்கும்."

அதை மட்டும் தெருவுக்கே கேட்கும்படி நிறுத்தி, நிதானமாகச் சொன்னேன். மிச்சம் இருந்த அந்த ஒரு வாக்கியத்தை, சும்மா முடிப்பதற்காகச் சொல்வதுதானே என்று, மூச்சுக்குள்ளேயே வேகமாகச் சொல்லி முடித்துவிட்டுச் சுண்டல் கிண்ணத்தின் பக்கம் போனேன்.